கேட்டல் என்னும் வழிபாடு

தமிழ் வினைச்சொற்களுள் பொருட்செறிவு மிக்க ஒன்றைக் காட்டுக என்றால், ‘கேள்’ என்னும் சிறிய சொல்லையே காட்டத் தோன்றுகிறது. செவியால் ஓசையை ஏற்பதும் கேட்டல். இல்லாத ஒன்றை வேண்டி நிற்பதும் கேட்டல். மூத்தோர் சொல்லுக்கு இசைந்து நடப்பதும் கேட்டல். பாட்டுக் கேட்டான், பணம் கேட்டான், தாய் சொல்லைக் கேட்டான் என்று நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். மூன்று செயல்களும் வேறு வேறு. ஆயினும் மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கினர் நம் முன்னோர்.

எபிரேய மொழியிலும் இதனையொத்த ஒரு வழக்கு உண்டு. ‘ஷமா’ என்னும் அம்மொழிச் சொல் செவிமடுத்தலையும் கீழ்ப்படிதலையும் ஒருசேரக் குறிப்பது. கீழ்ப்படிதலுக்கென அம்மொழியார் தனிச்சொல் தேடி அலையவில்லை. உண்மையாகக் கேட்டவன் நடக்கத்தான் செய்வான் என்று அவர்கள் கருதினர் போலும். தமிழோ அதற்கும் ஒரு படி மேலே சென்று, வேண்டுதலையும் அச்சொல்லுள் சேர்த்துக்கொண்டது.

இங்கு ஓர் அறவினா எழுகின்றது. இறைவனின் திருவாக்கை ஒருவன் உண்மையாகக் கேட்டவனாவது எப்போது? அதனை ஓதும்போதா? அதனைப் பற்றிக்கொண்டு மன்றாடும்போதா? அன்றி, அதன்படி ஒழுகும்போதா? ஓதியும் மன்றாடியும் ஒழுகாது போனவனின் வழிபாட்டிற்கு என்ன பெயர்? விவிலியத்தின் நெஞ்சம் எனத்தக்க சங்கீத நூல் இவ்வினாவை மிக ஆழமாக எடுத்தாள்கின்றது. அந்நூலைத் துணையாகக் கொண்டு அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எச்சமயத்தைச் சார்ந்த தமிழ் அன்பருக்கும் இவ்வினா அயலானதன்று. திருக்குறளில் கேள்விக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், கற்றவன் கற்றதற்கேற்ப நிலைத்து ஒழுகவேண்டும் என்பதையும் கல்வி அதிகாரத்தின் முதற்குறளிலேயே வைத்துப் போனார் அல்லரோ?

எழுத்தெழுத்தாய் வளர்ந்த அன்பு

சங்கீத நூலில் 150 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 119 ஆம் சங்கீதமே நீண்டது. விவிலியம் முழுவதிலும் அதனினும் நீண்ட அதிகாரம் வேறில்லை. அதன் அமைப்பு வியப்புக்குரியது. எபிரேய நெடுங்கணக்கில் எழுத்துகள் 22. ஒவ்வோர் எழுத்துக்கும் எட்டு அடிகள் கொண்ட ஒரு பகுதி. அந்த எட்டு அடிகளும் அவ்வெழுத்திலேயே தொடங்கும். ஆக மொத்தம் 176 அடிகள். தமிழ் விவிலியத்தைப் புரட்டியவர்கள் ஆலெப், பேத், கிமெல் என்னும் தலைப்புகளை அப்பாடலின் இடையிடையே கண்டிருப்பர். அவை எபிரேய எழுத்துகளின் பெயர்களே.

எழுத்து வரிசையில் அறம் கூறும் மரபு நமக்குப் புதிதன்று. ஔவையாரின் ஆத்திசூடியைத் திண்ணையில் அமர்ந்து ஓதிய தலைமுறைகள் எத்தனை! அகரம் தொடங்கி எழுத்து முறையில் அறங்களை அடுக்கித் தந்தால், எழுத்தைக் கற்கும்போதே குழந்தை ஒழுக்கத்தையும் கற்றுவிடும் என்பது அம்மூதாட்டியின் கருத்து. எபிரேயப் புலவரின் கருத்தும் ஏறத்தாழ இதுவே. வாழ்வின் முதலெழுத்திலிருந்து இறுதியெழுத்து வரை இறைவாக்கு ஆளாத இடமில்லை என்று அவர் பாடலின் அமைப்பாலேயே உணர்த்திவிடுகின்றார்.

எனினும் இரண்டிற்கும் இடையே நுட்பமான ஒரு வேற்றுமை உண்டு. ஆத்திசூடி குழந்தையை நோக்கிப் பேசுகின்றது. இதைச் செய், இதைச் செய்யாதே என்கின்றது. 119 ஆம் சங்கீதமும் முதல் மூன்று அடிகளில் நேர்வழி நடப்போரின் பேற்றைப் பொதுவாகவே பேசுகின்றது. நான்காம் அடியில் ஒரு திருப்பம். அங்கே புலவர் முகத்தை இறைவன்பால் திருப்புகின்றார். நீர் கட்டளையிட்டீர் என்று முன்னிலையில் பேசத் தொடங்குகின்றார். அதன் பின்னர்ப் பாடல் முடியும் வரை, தீயோரை விலகிப்போகச் சொல்லும் ஓரிடம் போன்ற சிற்சில இடங்கள் நீங்கலாக, அவர் பேச்செல்லாம் இறைவனோடுதான். சட்டத்தைப் பற்றிய பேச்சு, சட்டம் தந்தவனோடு பேசும் பேச்சாக மாறிவிடுகின்றது.

இம்மாற்றம் இலக்கண மாற்றம் மட்டுமன்று. அறநூல் ‘நீ இதைச் செய்’ என்று சொல்லி நின்றுவிடும். செய்ய வலுவில்லாதவன் என் செய்வான் என்பதற்கு அதனிடம் விடை இராது. சங்கீதக்காரரோ, இதைச் செய்யும்படி என் உள்ளத்தைச் சாய்த்தருளும், எனக்குக் கற்பித்தருளும், என் கண்களைத் திறந்தருளும் என்று மன்றாடுகின்றார். கட்டளையே அவருடைய விண்ணப்பத்தின் பொருளாகிவிடுகின்றது. எதைச் செய்ய வேண்டுமோ அதைச் செய்யும் ஆற்றலையே அவர் கேட்கின்றார். கேட்டல் என்னும் சொல்லின் மூன்று பொருள்களும் இங்கு ஒன்றாய் முறுக்கிய கயிறு போல் இணைகின்றன. வாக்கைக் கேட்டார், அதனால் வரம் கேட்டார், வரம் பெற்றுச் சொற்கேட்டு நடந்தார்.

கற்பனை என்றொரு பழஞ்சொல்

இறைவாக்கைக் குறிக்க அப்பாடல் எட்டுச் சொற்களை மாற்றி மாற்றி வழங்குகின்றது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவை வேதம், சாட்சிகள், கட்டளைகள், பிரமாணங்கள், கற்பனைகள், நியாயங்கள், வசனம், வாக்கு என்றவாறு வருகின்றன. இவற்றுள் ‘கற்பனைகள்’ என்பது இன்றைய இளைஞரைத் திகைக்க வைப்பது. கற்பனை என்றால் இல்லாததை எண்ணிப் பார்ப்பது என்றுதான் அவர்கள் அறிவர். பத்துக் கற்பனைகள் என்று கேட்டவுடன், மோசேக்குக் கதை புனையும் திறன் இருந்ததோ என்று வினவும் பிள்ளைகளும் இல்லாமல் இல்லை! கற்பித்தலோடு இயைந்து, கற்பிக்கப்பட்ட கட்டளை என்னும் பொருளில் வழங்கிய பழஞ்சொல் அது. 1995 இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இவ்விடர்ப்பாட்டை நீக்கிக் கட்டளை என்றே வழங்குகின்றது. சங்கீதங்களுக்கும் திருப்பாடல்கள் என்று பெயரிட்டுள்ளது.

ஆயினும் அப்பழஞ்சொல்லில் ஓர் உண்மை உறைந்திருக்கின்றது. சட்டம் என்று நாம் கூறும் ‘தோரா’ என்னும் எபிரேயச் சொல்லுக்கு வேர்ப்பொருள் வழிகாட்டுதல், கற்பித்தல் என்பதே. அது காவலர் கையிலிருக்கும் தடியன்று. ஆசிரியர் நீட்டும் விரல். கட்டளை என்று சொல்லும்போது அதிகாரம் முன்னிற்கின்றது. கற்பனை என்று சொன்னபோது கற்பித்தல் முன்னின்றது. சொல் பழமையானதால் நாம் இழந்தது இதுவே.

இச்சொற்கள் நம் நாவுக்கு வந்த வரலாறும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, 1715 இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தார். 1740 இல் வந்த பப்ரிசியஸ் சென்னையில் பல்லாண்டு தங்கி விவிலியத்தைப் புதிதாக மொழிபெயர்த்தார். அவர்தம் புதிய ஏற்பாடு 1772 இல் வெளிவந்தது. 1779 இல் தமிழ் ஆங்கில அகராதி ஒன்றையும் அவர் தந்தார். 19 ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் மேற்கொண்ட மொழிபெயர்ப்புப் பணிக்குத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர். நாவலர் சைவராகவே பணி செய்தார், சைவராகவே வாழ்ந்தார். விவிலியத் தமிழோடு பழகிய கையால் சைவத்திற்கு அரண் செய்யும் உரைநடையைப் படைத்தார். ஒரு சமயத்தாரின் திருவாக்கைத் தமிழாக்கப் பிற சமயத்தார் உழைத்தது நம் மொழியின் பெருமைகளுள் ஒன்று.

திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடியிற் பிறந்து கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894 இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். கம்பனிலும் ஆழ்வார்களிலும் ஊறிய நா புதிய சமயத்தைப் பாடியபோதும் பழைய பக்தியின் உருக்கத்தை இழக்கவில்லை. வாக்கைக் கேட்கும் செவி எம்மொழியில் பண்பட்டதோ, அம்மொழியிலேயே மறுமொழியும் பிறக்கும் என்பதற்கு அவர் சான்று.

தளையும் விடுதலையும்

சட்டத்தை ஒருவன் அஞ்சலாம், மதிக்கலாம், அதன்மேல் காதல் கொள்ள இயலுமா? இக்காலத்தார்க்கு இது விளங்காத புதிர். சாலை விதிகளை எவரும் பாடிப் பரவுவதில்லை. வருமான வரிச் சட்டத்தை நள்ளிரவில் எழுந்து நன்றியோடு எண்ணிப் பார்ப்பவரும் இலர். ஆனால் 119 ஆம் சங்கீதக்காரர் நள்ளிரவில் எழுகின்றார். நாளொன்றுக்கு ஏழுமுறை புகழ்கின்றார். ஆயிரமாயிரம் பொன்னினும் வெள்ளியினும் திருவாக்கே சிறந்தது என்கின்றார். இது மிகையா, மெய்யா?

விடையை நம் யாப்பிலக்கணத்திலிருந்தே பெறலாம். சீரும் சீரும் கூடும் முறைக்கு நம் இலக்கணிகள் இட்ட பெயர் தளை. தளை என்றால் விலங்கு, கட்டு என்று பொருள். வெண்பாவில் வெண்டளையன்றி வேறு தளை புகலாகாது. விதிகளுள் கடுமையானது அது. ஆயினும் வெண்பாவில் கைதேர்ந்த புலவனைக் கேட்டுப் பாருங்கள். அத்தளை தன்னைத் தடுத்தது என்று சொல்லமாட்டான். செப்பலோசை பிறந்ததே அக்கட்டினால்தான் என்பான். கட்டு இன்றேல் சொற்குவியல் உண்டு, பாட்டு இல்லை. பயிலாதவனுக்கு விலங்காகத் தோன்றும் தளை, பயின்றவனுக்குப் பாட்டாகின்றது.

சங்கீதக்காரரும் இதனையே கூறுகின்றார். கட்டளைகளைத் தேடுவதால் தாம் விசாலமான இடத்தில் நடப்பதாக ஓரிடத்தில் சொல்கின்றார். உள்ளம் விரிவடையும்போது அவ்வழியில் தாம் ஓடுவதாகப் பிறிதோர் இடத்தில் சொல்கின்றார். குறுகிய இடத்தில் தள்ளப்பட்டவன் ஓடமாட்டான். கீழ்ப்படிதலால் நெஞ்சம் விரிந்தவனே ஓடுவான். பேராசைக்கும் அச்சத்திற்கும் பிறர் வாய்ச்சொல்லுக்கும் ஆட்பட்டவனுக்கு ஆண்டைகள் பலர். ஒரு சொல்லுக்கு ஆட்பட்டவனோ பல ஆண்டைகளிடமிருந்து விடுதலை பெற்றவன்.

இங்கிலாந்தில் அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்லியம் வில்பர்போர்ஸ், 1819 இல் இலண்டனின் ஹைட் பார்க் முனையிலிருந்து நடந்து சென்றபோது 119 ஆம் சங்கீதத்தை மனப்பாடமாய்ச் சொல்லிக்கொண்டு போனதையும், அதனாற் பெற்ற ஆறுதலையும் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அடிமை வாணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 இல் நிறைவேறப் பல்லாண்டு போராடியவர் அவர். பிறர் விலங்கை உடைக்க முயன்றவர், 176 அடிகளையும் விரும்பி நெஞ்சிற் சுமந்தார். அவருக்கு அது சுமையாக இருந்திருக்க இயலாது.

கேளாச் செவியின் வழிபாடு

இவ்வளவும் ஓதுதலின் சிறப்பு. இனி, ஓதுதலை எச்சரிக்கும் பகுதிக்கு வருவோம். சங்கீத நூல் வழிபாட்டு நூலேயாயினும், வழிபாட்டைக் கடிந்துரைக்கும் துணிவு அதற்கு உண்டு. 50 ஆம் சங்கீதத்தில் இறைவனே நீதிமன்றம் கூட்டுகின்றான். பலிகளில் குறையில்லை, மந்தை மந்தையாக வந்துகொண்டிருக்கின்றன. ஆயினும், திருவாக்கை வாயால் உரைத்துக்கொண்டே திருடனோடு உறவாடுபவனையும், உடன்பிறந்தானைப் பழித்துரைப்பவனையும் நோக்கி, என் சொற்களை எடுத்துப் பேச உனக்கு என்ன உரிமை என்னும் கருத்துப்பட அவன் வினவுகின்றான். 40 ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி செல்கின்றது. பலியையும் காணிக்கையையும் நீர் விரும்பவில்லை. எனக்குச் செவிகளை அமைத்தீர் என்பது அதன் கருத்து. மூலமொழியில் அங்கு வரும் வினைக்குத் தோண்டுதல் என்று பொருள். கிணறு தோண்டுவது போல இறைவன் மனிதனுக்குச் செவியைத் தோண்டினானாம்! தோண்டிய கிணறு தூர்ந்து போவதும் உண்டு என்பது நாம் சேர்த்துக்கொள்ள வேண்டிய கருத்து.

கேட்டவன் எவ்வாறு ஒழுகுவான்? 15 ஆம் சங்கீதம் அதனை விளக்கும் சிறிய பட்டியல். இறைவனின் கூடாரத்தில் தங்குவதற்கு உரியவன் யார் என்று அது கேட்கின்றது. விடையாக வருவன நோன்புமல்ல, பயணமுமல்ல. உள்ளத்தில் உண்மை பேசுதல், நாவால் புறங்கூறாமை, அயலானுக்குத் தீங்கு செய்யாமை, தனக்கு நட்டம் வந்தபோதும் கொடுத்த வாக்கை மாற்றாமை, பணத்தை வட்டிக்குக் கொடாமை, குற்றமற்றவனுக்கு எதிராகக் கையூட்டு வாங்காமை. அவ்வளவே.

இப்பட்டியலை ஏட்டில் வைத்துப் படித்தால் எளிது. முனிர்காவிலோ அதுபோன்ற பிற குடியிருப்புகளிலோ வாழும் ஒரு குடும்பத்தின் நாட்கணக்கில் வைத்துப் படித்தால்தான் அதன் கூர்மை தெரியும். மாடி வீட்டை வாடகைக்கு விடுவதாக ஒருவருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. மறுநாள் வேறொருவர் மாதம் இரண்டாயிரம் கூடுதலாகத் தர முன்வருகின்றார். நட்டம் வந்தபோதும் சொன்ன சொல் மாறாமை என்பது அங்கு என்ன பொருள் தரும்? வேலைக்கு வரும் பெண் காய்ச்சலால் நான்கு நாள் வரவில்லை. அவள் கூலியைப் பிடிப்பதா, விடுவதா? அலுவலகத்தில் ஒரு கோப்பு நகர்வதற்கு உறை ஒன்று நீட்டப்படுகின்றது. ஊர்க்காரர் கூடும் இடத்தில், அங்கில்லாத ஒருவரைப் பற்றிய பேச்சு சுவையாகத் தொடங்குகின்றது. மாலையில் குடும்பத்தோடு அமர்ந்து சொல்லும் செபத்திற்குப் பொருள் உண்டா இல்லையா என்பது, அன்று பகலில் இவ்விடங்களிலேயே பாதி முடிவாகிவிடுகின்றது.

இதில் கற்றோரும் வழுக்கி விழுவதுண்டு. மேலே குறித்த பப்ரிசியஸ் பெரியாரின் இறுதிக்காலம் துயரம் நிறைந்தது. தம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கடனாகக் கொடுத்து, அது திரும்பாமற் போனதால் கடன் வழக்குகளில் சிக்கிச் சிறைவாசமும் கண்டார். 15 ஆம் சங்கீதத்தைத் தமிழில் எழுதிய கை அதே சங்கீதம் எச்சரித்த இடத்திலேயே இடறிற்று. இதனைக் கூறுவது அவரை இகழ்வதற்கன்று. அவர் தந்த விவிலியமும் ஞானப்பாட்டுகளும் தலைமுறைகளுக்கு ஆறுதல் அளித்தன. திருவாக்கை மொழிபெயர்ப்பது அரிது. அதனை நடத்தையாகப் பெயர்ப்பது அதனினும் அரிது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

119 ஆம் சங்கீதக்காரருக்கும் இது தெரிந்திருந்தது. 175 அடிகள் கீழ்ப்படிதலின் மேன்மையைப் பாடியவர், இறுதி அடியில் வெற்றி முரசு கொட்டவில்லை. வழிதவறிய ஆட்டைப் போல் அலைந்துபோனேன், உம் அடியானைத் தேடி வாரும் என்று முடிக்கின்றார். கட்டளைகளைத் தாம் மறக்கவில்லை என்பது ஒன்றே அவர் கூறிக்கொள்ளும் தகுதி. மறவாதிருந்தும் வழி தவறலாம். வழி தவறியும் மறவாதிருக்கலாம். அந்த நினைவு இருக்கும் வரை திரும்பி வருதற்கு வழி உண்டு. செபத்தையும் கீழ்ப்படிதலையும் பிரித்துவிடலாகாது என்பதற்குக் காரணம் இங்குதான் விளங்குகின்றது. கீழ்ப்படிதல் இல்லாத செபம் வெற்றொலி. செபம் இல்லாத கீழ்ப்படிதல், ஒருமுறை இடறினால் எழ வழியறியாத செருக்கு.

கண்மூடிய பணிவன்று

கீழ்ப்படிதலைப் போற்றுவது ஆபத்தானது என்று கருதுவோர் உண்டு. அவர் கூற்றைப் புறந்தள்ள இயலாது. மேலிடத்து ஆணை என்னும் ஒரு சொல்லை முன்வைத்து இருபதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட கொடுமைகளை உலகம் மறக்கவில்லை. சமயத்தின் பெயரால் சிந்தனையை அடகு வைக்கச் சொன்னவர்களும் எல்லா நாட்டிலும் இருந்தனர்.

ஆனால் சங்கீதங்கள் கற்பிக்கும் பணிவு அத்தகையதன்று. முதலாவது, அது வினவத் தெரிந்த பணிவு. எப்பொழுது எனக்கு ஆறுதல் தருவீர், என் நாட்கள் எத்தனை, நீர் செயல்படும் வேளை வந்துவிட்டதே என்று இறைவனிடமே முறையிடும் உரிமையை 119 ஆம் சங்கீதம் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாவது, அது அரசர் முன் தலைநிமிரும் பணிவு. மன்னர்களுக்கு முன்பாகவும் திருவாக்கைப் பேச நாணமாட்டேன் என்கின்றார் புலவர். பெருமக்கள் காரணமின்றித் துன்புறுத்தினும் தம் நெஞ்சு திருவாக்குக்கே நடுங்கும் என்கின்றார். இறைவனுக்கு அஞ்சுபவன் வேறெவருக்கும் அஞ்ச வேண்டுவதில்லை.

ஜெர்மானிய இறைவாணர் டீட்ரிக் போன்ஹோபர் 1940 இல் சங்கீதங்களைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை எழுதினார். யூதர் மீது வெறுப்பை விதைத்த இட்லரின் ஆட்சியில், யூதரின் வேதப்பாடல்களே திருச்சபையின் செபநூல் என்று எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். 119 ஆம் சங்கீதத்தின்மேல் அவருக்குத் தனிப்பற்று இருந்தது. அவ்வாட்சிக்கு எதிரான முயற்சியில் பங்குகொண்டமைக்காக 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். இறைவாக்குக்குக் கீழ்ப்படிந்ததே அவரை அரசாணைக்குக் கீழ்ப்படியாதவராக ஆக்கிற்று.

இது நமக்குப் புதிய செய்தியன்று. பல்லவ வேந்தனின் ஆணையோடு வந்தவர்களிடம், தாம் எவர்க்கும் குடியல்லர் என்று மறுத்து நின்ற நாவுக்கரசரைச் சேக்கிழார் நமக்குக் காட்டியிருக்கின்றார். ஒருவனுக்கே ஆளானமையால் பிறர்க்கு ஆளாகாதவர் அவர். காலமும் இடமும் சமயமும் வேறாயினும், இவ்விருவர் நெஞ்சின் உரமும் ஒரே இயல்பினது.

தங்கும் வீட்டிற் பாட்டு

இனி, தலைநகரில் குடியேறி வாழும் நம்மை நேரே தொடும் ஒரு செய்தி. 119 ஆம் சங்கீதத்தின் 176 அடிகளிலும் தேடிப் பார்த்தால் எருசலேம் என்னும் பெயர் இல்லை, சீயோன் மலை இல்லை, ஆலயம் இல்லை. பலி என்று வருவதும் வாயின் காணிக்கை ஒன்றே. நாட்டையும் கோயிலையும் விட்டுத் தூரம் போனாலும் சுமந்து செல்லத்தக்க வழிபாடு அது. யூதர்கள் கி.மு. 6 ஆம் நூற்றாண்டில் ஆலயத்தை இழந்து பாபிலோனுக்குச் சிறையாய்ப் போயினர். அயல்மண்ணில் எவ்வாறு பாடுவோம் என்று அழுத அழுகை 137 ஆம் சங்கீதமாயிற்று. அவ்வினாவுக்கு 119 ஆம் சங்கீதத்தின் 54 ஆம் அடியை விடையாகக் கொள்ளலாம். தாம் அந்நியராய்த் தங்கும் வீட்டில் இறைவனின் பிரமாணங்களே தமக்குப் பாட்டு என்கின்றார் புலவர். 19 ஆம் அடியில் தம்மை வேற்றூரான் என்று சொல்லிக்கொள்ளும் சொல்லும், இங்குத் தங்கும் வீட்டைக் குறிக்கும் சொல்லும் எபிரேயத்தில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

முனிர்காவின் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வடியைப் பற்றி எவரும் விளக்கவுரை எழுத வேண்டுவதில்லை. மாற்றலாகி வந்தவர், பணிநாடி வந்தவர், பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட முதியோர் என யாவரும் தங்கும் வீட்டின் இயல்பை அறிந்தவர்களே. அவர்கள் தங்கும் வீட்டைப் பாட்டு இல்லாத வீடாக விட்டுவிடவில்லை. 1946 இல் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றிற்று. முனிர்காவை அடுத்த இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் 1973 இல் சுவாமிநாதனுக்குக் குடமுழுக்கு நடந்தேறிற்று. கிறித்தவ இல்லங்களில் கருப்பு அட்டையிட்ட பழைய விவிலியம் மாலைதோறும் திறக்கப்பட்டது.

இன்று அவ்வில்லங்களில் ஒரு கவலை. தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். பிள்ளைகள் தமிழ்ச் சங்கீதத்தைப் பாட்டியிடம் கேட்டு ஒப்பிக்கின்றனர், எழுத்துக்கூட்டிப் படிக்க இயலவில்லை. பொருள் பாதி விளங்குகின்றது, பாதி விளங்கவில்லை. தேவாரம் ஓதும் பிள்ளைக்கும் திருப்பாவை பாடும் பிள்ளைக்கும் இதே நிலைதான். பொருள் அறியாது ஒப்பிப்பதால் என்ன பயன், விட்டுவிடலாமா என்று பெற்றோர் கேட்கின்றனர்.

விட்டுவிட வேண்டுவதில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. முதற் சங்கீதத்தில் தியானித்தல் என்று தமிழில் வரும் இடத்தில் எபிரேய மூலம் கூறுவது, வாய்க்குள் முணுமுணுத்தல் என்பதாகும். இரையின்மேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும் அதே வினையை ஏசாயா ஆகமம் வழங்குகின்றது. சொல் முதலில் வாயிற் பழக வேண்டும். பொருள் பின்னர் நெஞ்சில் இறங்கும். பத்து வயதில் ஒப்பித்த ஓர் அடி, நாற்பது வயதில் ஒரு மருத்துவமனை வாசலில் திடீரெனப் பொருள் தருவதுண்டு. அன்று நினைவுக்கு வருவதற்கு இன்று அது வாயில் இருந்தாக வேண்டும். ஆனால் பொருள் சொல்லித் தரும் கடமையைப் பாட்டியின்மேல் மட்டும் சுமத்திவிட்டுப் பெற்றோர் ஒதுங்கலாகாது. நாளொன்றுக்கு ஓர் அடி. அதன் பொருள் பிள்ளை அறிந்த எம்மொழியிலாயினும் சரி. 176 அடிகளும் ஆறு திங்களில் முடிந்துவிடும்.

அதனினும் முதன்மையான ஒன்று உண்டு. பிள்ளைகள் எழுத்துக்கூட்டாமலே படிக்கக்கூடிய மொழிபெயர்ப்பு ஒன்றிருக்கின்றது. அது பெற்றோரின் நடத்தை. கொடுத்த வாக்குக்காக இரண்டாயிரம் ரூபாயை விட்டுக்கொடுத்த தந்தையைக் கண்ட பிள்ளைக்கு 15 ஆம் சங்கீதம் விளங்கிவிட்டது. காய்ச்சலில் கிடந்த வேலைக்காரப் பெண்ணின் கூலியைக் குறைக்காது கொடுத்த தாயைக் கண்ட பிள்ளைக்குக் கற்பனை என்னும் பழஞ்சொல்லின் பொருளை அகராதியில் தேட வேண்டுவதில்லை. மாறாக, மாலையில் கண்மூடி மன்றாடும் வாய் காலையில் தொலைபேசியில் பொய் சொல்லக் கேட்ட பிள்ளை, எத்தனை அடிகளை ஒப்பித்தாலும் அவற்றை ஓசையென்றே கொள்ளும்.

திருவாக்கு காலடிக்கு விளக்கு என்பது அச்சங்கீதத்தின் புகழ்பெற்ற உவமை. அக்காலத்து அகல்விளக்கு அடுத்த அடி வைக்கும் இடத்தைத்தான் காட்டும். வழியின் முடிவைக் காட்டாது. அடுத்த அடியை வைத்தவனுக்கே அதற்கடுத்த அடி தெரியும். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு விளக்கைப் புகழ்பவனுக்கு அவ்விளக்கால் ஆவது ஒன்றுமில்லை. ஓதுவோம், வேண்டுவோம், ஓரடி நடப்போம். நடந்தபின் மீண்டும் கேட்போம்.